எழுவானும் படுவானும் இல்லாத ஊர்

மட்டக்களப்பில் யாரும் கிழக்கு, மேற்கு என்று சொல்லி வழி காட்டுவதில்லை. வாவிக்குக் கடல் பக்கம் எழுவான்கரை, வாவியைத் தாண்டி வயலும் குளமும் கிடக்கிற பக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை, அவ்வளவுதான். கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு வெளிக்கிடும்போது அம்மா இன்றைக்கும் "படுவானுக்குப் போறன்" என்றுதான் சொல்வார். இப்படிச் சூரியனைப் பார்த்துத் தாங்கள் இருக்கிற கரைக்கே பெயர் வைத்த சனத்தில் பிறந்த என் அக்கா, கல்யாணம் கட்டிப் போய்ச் சேர்ந்த இடம் வார்டோ. நோர்வேயின் வடகிழக்கு மூலையில், ஃபின்மார்க் மாகாணத்தில், கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கிற ஒரு சின்னத் தீவு. அங்கே நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி இருபது வரைக்கும் சூரியன் எழும்பாது. மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரைக்கும் படுக்காது.

நோர்வே என்ற பெயர் இங்கே யாருக்கும் புதிதில்லை. 2002இல் நோர்வே நடுநின்று போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பிறகு அதன் கண்காணிப்புக் குழு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கந்தோர் போட்டு இருந்தது, சமாதானத் தூதர் எரிக் சொல்ஹெய்மின் பெயர் தேத்தண்ணிக் கடை வரைக்கும் வந்தது. ஆனால் அது ஒஸ்லோ நோர்வே. அக்காவின் நோர்வே வேறு. ஃபின்மார்க்கின் பரப்பு 48,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது இலங்கையில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு நிலத்தில் இருக்கிற சனம் 75,000 பேர் அளவில்தான். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து லட்சத்து இருபத்தாறாயிரத்துக்கு மேல். வார்டோவில் இப்போது இரண்டாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள், எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒரு நாள் பூசைக்கு வருகிற கூட்டம்.

அக்கா ஊருக்கு வந்தால் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "குளிர் எப்படி?" நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முறை ஜனவரியில் போய் மூன்று கிழமை இருந்துவிட்டு வந்த பிறகுதான் அது தப்பான கேள்வி என்று விளங்கியது. குளிர் அங்கே பெரிய பிரச்சினையே இல்லை. குளிரை வீட்டுக்கு வெளியே, உடுப்புக்கு வெளியே, வாகனத்துக்கு வெளியே நிறுத்தி வைக்க அந்தச் சனம் நூற்றாண்டுக் கணக்கில் பழகி வைத்திருக்கிறது. பழகவே முடியாமல் கிடக்கிற இரண்டு, இருட்டும் ஆளில்லாமையும்.

சரி, முதலில் குளிரைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வடதுருவத்துக்கு அவ்வளவு கிட்ட இருந்தும் வார்டோவில் கடல் உறைவதில்லை. அத்திலாந்திக் கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம் நோர்வேக் கரையை உரசிக்கொண்டு அந்த மூலை வரைக்கும் வருவதுதான் காரணம். அதனால் மாரிகாலத்திலும் துறைமுகம் திறந்தே கிடக்கும், வள்ளங்கள் போய் வரும். கரையோரத்தில் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே சில பாகைதான். அதே மாகாணத்தில் கடலை விட்டு உள்ளே போனால் கதை மாறும். வடக்கின் ஆதிகுடிகளான சாமி இன மக்கள் கலைமான் வளர்க்கிற கராசோக் என்ற ஊரில் 1886இல் மைனஸ் 51.4 பாகை பதிவாகியிருக்கிறது, நோர்வே முழுவதிலும் இன்று வரைக்கும் அதுதான் சாதனை. கடல் எவ்வளவு பெரிய அடுப்பு என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

கரையில் ஆளைக் கொல்வது காற்று. மைனஸ் பத்துப் பாகையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் இருபதாகத்தான் தெரியும். உடம்பைச் சுற்றி நாமே சூடாக்கி வைத்திருக்கிற ஒரு மெல்லிய காற்றுப் படலம் உண்டு, வீசுகிற காற்று அதை உருவிக்கொண்டு போகும், உடம்பு திரும்பச் சூடாக்கும், திரும்ப உருவும். இதெல்லாம் தெரியாமல் நான் போன இரண்டாம் நாள் கடைக்குப் போய் வர முன்னூறு மீட்டர்தானே என்று தொப்பி போடாமல் இறங்கினேன். போகும்போது ஒன்றுமில்லை. வரும்போது காது என் காது மாதிரி இல்லை, யாரோ ஒட்டிவிட்ட தகரம் மாதிரி இருந்தது. வீட்டுக்குள் வந்து சூடு பட்டதும் ஏறிய வலி இருக்கிறதே, தேள் கொட்டினால்கூட இப்படி இருக்காது. அத்தான் சிரிக்கவில்லை. என் பனியனைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பருத்தியா? கழட்டும்" என்றார்.

அதுதான் முதல் பாடம். நமக்குப் பருத்திதான் உடுப்பு, ஏனென்றால் பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்த்தும். அங்கே அதே குணம்தான் எமன். நடந்தால் வியர்க்கும், பருத்தி நனையும், நின்றால் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஆகவே தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதுக்கு மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். கம்பளி நனைந்தாலும் சூடு பிடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் மாற்றுடுப்பு தொங்கும்.

வீட்டுக்குள் போனால் பெனியனோடு இருக்கலாம், அவ்வளவு சூடு. மரவீடுகள், சுவருக்குள் பஞ்சு மாதிரி அடைப்பு, யன்னலுக்கு இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி. சூடாக்குவது பெரும்பாலும் கரண்டில், ஆனாலும் கூடத்தில் ஒரு விறகு அடுப்பு கட்டாயம் இருக்கும், கரண்ட் போனால் அதுதான் உயிர். வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டி அறை, அங்கேதான் சப்பாத்தைக் கழற்றுவார்கள், ஜாக்கெட்டைத் தொங்கவிடுவார்கள். சப்பாத்தோடு வீட்டுக்குள் ஏறினால் அவர்களுக்கும் பிடிக்காது, நமக்கும் பிடிக்காது. வந்த முதல் நாளே ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான் என்று அக்கா சொன்னார்.

ஊரைச் சுற்றிப் பார்த்தால் வீடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும், செங்குத்தான கூரை, சதுரமான உடல், நிறம் மட்டும் வேறு. சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் எழும்பிய வீட்டுத்திட்டங்களைக் கண்டவனுக்கு இது உடனே பிடிபடும், ஏதோ ஒரு பெரிய அழிவுக்குப் பிறகு அவசரமாகக் கட்டிய ஊர். விசாரித்தால் அதேதான். 1944 இலையுதிர்காலத்தில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது, துரத்தி வருகிற சோவியத் படைக்கு ஒரு கூரைகூடக் கிடைக்கக் கூடாது என்று ஃபின்மார்க்கை எரித்துக்கொண்டே போனது. சனத்தைக் கட்டாயமாகக் கப்பலேற்றித் தெற்கே அனுப்பினார்கள், போக மறுத்த ஆயிரக்கணக்கானோர் குகைகளிலும் மண்குடிசைகளிலும் அந்த மாரியைக் கழித்தார்கள். யுத்தம் முடிந்ததும், அங்கே திரும்பிப் போக வேண்டாம், தெற்கிலேயே இருங்கள் என்று சொல்லிப் பார்த்தும் சனம் கேட்கவில்லை, சாம்பல் மேட்டுக்கே திரும்பி வந்தது. இதை வாசிக்கிற, இடம்பெயர்ந்து திரும்பி வந்த வாகரைக்காரருக்கோ திருக்கோயில்காரருக்கோ நான் மேலே ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

ரோட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அங்கேதான் வயிற்றெரிச்சல் வந்தது. வார்டோத் தீவுக்குப் பாலம் கிடையாது, கடலுக்கு அடியால் சுரங்கப்பாதை, கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர், 1980களின் தொடக்கத்தில் திறந்தது, நோர்வேயில் கடலடியால் போன முதல் வீதிச் சுரங்கம் அது. இரண்டாயிரம் பேருக்கு இன்று ஒரு சுரங்கம்! சரி, அது போகட்டும். மழையும் பனியும் தொடங்க முதலே ரோட்டின் இரண்டு ஓரத்திலும் நீளமான கம்புகளை நட்டுவிடுகிறார்கள், பிறகு பனி கொட்டி ரோடே தெரியாமல் போனாலும் பனி தள்ளுகிற வாகனக்காரன் கம்புகளுக்கு நடுவால் ஓட்டுவான். காற்று மோசமானால் மேட்டுப் பாதைகளில் தனியாகப் போக விடமாட்டார்கள், கேற்றைப் போட்டு மறித்து, வாகனங்களைச் சேர்த்து, பனி தள்ளுகிற வண்டிக்குப் பின்னால் வரிசையாக அனுப்புவார்கள். ஆணி வைத்த டயர் போட வடக்கில் ஒக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரைக்கும் சட்டத்திலேயே அனுமதி. பனி வருடா வருடம் வரும் என்று தெரியும், ஆகவே வருமுன் செய்கிறார்கள். நமக்கும் மார்கழியில் வெள்ளம் வரும் என்று தெரியும், 1957இல் வந்தது, 2011 ஜனவரியில் வந்தது, நடுவில் எத்தனையோ முறை வந்தது. ஒவ்வொரு முறையும் முதல்முறை காண்கிற மாதிரித்தான் பள்ளிக்கூடத்தில் பாய் விரிக்கிறோம்.

இனி இருட்டு. மட்டக்களப்பில் ஆக நீளமான பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. ஆறு மணிக்கு விடியும், ஆறு மணிக்குச் செக்கல், வருடம் முழுதும் அதே. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகைக்குள் இருக்கிறோம். வார்டோ எழுபதைத் தாண்டி இருக்கிறது. பூமி தன் அச்சில் 23.4 பாகை சாய்ந்து சுற்றுவதால் டிசம்பரில் வடமுனை சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும், அப்போது வார்டோவில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மூன்று நான்கு பாகை கீழேதான். அந்த மூன்று நான்கு பாகைதான் முக்கியம். ஒரேயடியாகக் கும்மிருட்டு இல்லை. ஒன்பது மணிபோல் தெற்கே வானம் வெளுக்கத் தொடங்கும், பனியும் கடலும் வீடும் எல்லாம் நீலமாகும், விடியப் போகிறது என்று உடம்பு நம்பும். இரண்டு மணித்தியாலம் நம்ப வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும். ஒவ்வொரு நாளும் விடியாத ஒரு விடியல். கும்மிருட்டாக இருந்தால்கூட இவ்வளவு மனம் சலிக்காது என்று எனக்குத் தோன்றியது.

நான்காம் நாளிலிருந்து எனக்கு நேரம் குழம்பியது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், எழும்பினால் ஐந்து மணி, விடியவா பின்னேரமா என்று போனைப் பார்த்துத்தான் தெரிந்தது. அங்குள்ளவர்கள் இதுக்கென்று செய்கிற காரியங்கள் உண்டு. ஒவ்வொரு யன்னலிலும் விளக்கு எரியும், திரை போடமாட்டார்கள், ஊர் முழுதும் வெளிச்சத்தை வெளியே விட்டு வைத்திருக்கிற மாதிரி. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நடை, காற்று அடித்தாலும் நடை. காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய், அதுவும் கொட் மீனின் ஈரலில் எடுத்தது. தோலில் வெயில் பட்டால்தான் விற்றமின் டி உண்டாகும், வடக்கில் அரை வருடம் அந்த வெயில் கிடையாது, நம்மைப் போல் கறுத்த தோலுக்கு இன்னும் கூட வெயில் வேண்டும். அக்கா போன முதல் இரண்டு வருடம் இந்த எண்ணெயைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர், மறுகா முழங்கால் நோ, முதுகு நோ என்று படுத்தபோது இரத்தம் சோதித்துவிட்டு வைத்தியர் சொன்னதும் அதே எண்ணெய்தான்.

மூத்தவன் பிறந்திருந்த நேரம். அம்மா இங்கிருந்து வீடியோவில் பார்க்கிறார், பிள்ளையைக் காணவில்லை. "வெளியில படுக்கிறான் அம்மா" என்று அக்கா போனை யன்னல் பக்கம் திருப்பினார். முற்றத்தில் பனிக்குள் ஒரு தள்ளுவண்டி, அதுக்குள் பொதி மாதிரிப் பிள்ளை. "பச்சப் புள்ளைய ஐசுக்குள்ள போட்டுட்டு நீ உள்ளுக்க இருந்து என்னகா செய்றாய்?" அம்மா அன்றைக்கு அழுதேவிட்டார். நோர்வேயில் இது சாதாரண வழக்கம், கம்பளியில் சுற்றி வெளியே படுக்க வைத்தால் பிள்ளை நீட்டி நித்திரை கொள்ளும் என்று தாய்மார் எல்லாரும் செய்வார்கள், பாலர் பள்ளிகளிலும் வெளியேதான். இதை எத்தனை முறை சொன்னாலும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நாம் மார்கழியில் இருபத்திரண்டு பாகைக்கே காதை மூடித் துவாய் கட்டுகிற ஆட்கள்.

தமிழருக்கு அந்த மூலை எப்படித் தெரிந்தது என்றால், மீன். 1980களின் நடுவிலிருந்து இலங்கைத் தமிழ் இளைஞர்கள் நோர்வேக்குப் பெருமளவில் வரத் தொடங்கினார்கள், பலர் மாணவர்களாக, பிறகு அகதிகளாக. தெற்கில் வேலை எடுக்க மொழி வேண்டும். வடக்கு மீன் ஆலைகளில் கத்தி பிடிக்கத் தெரிந்தால் போதும், உள்ளூர் இளசுகள் அந்த வேலையை விட்டுவிட்டுத் தெற்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. இப்படி வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹொனிங்ஸ்வோக் என்று பெயரே வாயில் வராத ஊர்களிலெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. அத்தானும் அப்படித்தான். காலை ஏழு மணிக்கு ரப்பர் சப்பாத்து, நீர் புகாத ஏப்ரன், ஈரமான குளிர்ந்த மண்டபம், ஓடுகிற பட்டியில் மீன், நிற்கிற இடத்தில் எட்டு மணித்தியாலம். வலது தோளைத் தலைக்கு மேல் உயர்த்த அவரால் இப்போது முடியாது. அங்கிருக்கிற தமிழரின் தீராத உடல்நோவைப் பற்றி நோர்வே மானிடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள், வேலை மட்டும் காரணமில்லை, கதைக்க ஆளில்லாததும் நோவாகிறது என்பது அவர்கள் கண்டது. அத்தானிடம் இதைச் சொன்னேன். "எழுதட்டும், ஆனா நோகுறது தோள்" என்றார்.

1989இல் கொட் மீன் குறைந்து அரசு மீன்பிடியை இறுக்கியபோது ஆலைகள் ஆட்டம் கண்டன, தமிழரும் நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். இன்று ஆலைகளில் கிழக்கு ஐரோப்பியர்தான் கூடுதல். அக்கா குடும்பம் ஏன் இன்னும் அங்கே என்றால், ஒரு பக்கம் பழக்கம், இன்னொரு பக்கம் கணக்கு. ஆட்கள் விட்டுப் போவதைத் தடுக்க 1990இலிருந்து ஃபின்மார்க்குக்கும் அதை ஒட்டிய வட துரொம்ஸ் பகுதிக்கும் நோர்வே அரசு தனிச் சலுகை கொடுக்கிறது: வருமான வரி குறைவு, அங்கே வேலை செய்தால் படிப்புக் கடனில் வருடா வருடம் ஒரு பகுதி ஓர் எல்லைக்குள் கழியும், கரண்டுக்கு வற் வரி இல்லை. இவ்வளவு கொடுத்தும் சனத்தொகை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. காசு கொடுத்து ஆளை இருத்தலாம், கூட்டத்தை உண்டாக்க முடியாது.

மீன் என்றதும் கருவாட்டைச் சொல்லாமல் விட முடியாது. மரக்கம்புகளைக் கூடாரம் மாதிரி நட்டு, தலை வெட்டிய கொட் மீனை வாலோடு வால் கட்டிச் சோடி சோடியாகத் தொங்கவிட்டிருப்பார்கள். உப்பே கிடையாது. எனக்கு நம்பவே முடியவில்லை. நம்மூரில் உப்புப் போடாத மீன் பின்னேரத்துக்குள் நாறிவிடும், நாம் உப்பால் தண்ணீரை இழுத்து, வெயிலால் மிச்சத்தைக் காய்ச்சுகிறோம். அங்கே வேலையைக் காற்று செய்கிறது. பெப்ரவரி, மார்ச்சில் தொங்கவிடுவார்கள், பூச்சியத்தை ஒட்டிய குளிர், இலையான் இன்னும் பிறக்கவில்லை, மீன் கெடுவதற்கு முன் மெல்ல மெல்லத் தண்ணீரை விட்டுவிடும். ரொம்பக் குளிர்ந்தால் மீன் உறைந்து சதை உடையும், சூடானால் இலையான் மொய்க்கும், ஆகவே உலகத்தில் சில கரைகளுக்குத்தான் இது வாய்க்கும். மே, ஜூனில் இறக்கும்போது ஐந்து கிலோ மீன் ஒரு கிலோ விறகுக்கட்டை. நல்லது இத்தாலிக்கும், தலை நைஜீரியாவுக்கும் போகும். அக்கா அதைச் சுத்தியலால் அடித்து, இரண்டு நாள் ஊறப் போட்டு, புளியும் மிளகாயும் விட்டு ஆணம் வைத்தார். ருசி இருந்தது, கருவாட்டு வாசம் இல்லை. வாசம் இல்லாத கருவாட்டை என்னவென்று சொல்வது.

அந்தச் சனத்தைப் பற்றியும் ஒன்று. ரோட்டில் கண்டால் கதைக்கமாட்டார்கள், அக்காவின் பக்கத்து வீட்டுக் கிழவர் மூன்று கிழமையில் என்னிடம் பேசியது மொத்தம் நாலு சொல். ஆனால் ஒரு நாள் காலையில் கதவுப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது, உள்ளே துப்புரவாக்கிய ஒரு முழுக் கொட் மீன். அவர் தம்பி கடலுக்குப் போய் வந்திருக்கிறாராம். விருந்தாளி இருக்கிற வீடு என்று கொண்டுவந்து கொழுவிவிட்டு, மணிகூட அடிக்காமல் போய்விட்டார். வாவிக்கரையில் வலை இழுக்கக் கைகொடுத்தவனுக்குக் கறிக்கு மீன் கொடுக்காமல் அனுப்பாத வழக்கம்தான், சத்தம் மட்டும் இல்லை.

கோடையை நான் காணவில்லை, அக்கா சொல்லக் கேட்டதுதான். இராப் பதினொரு மணிக்குப் பிள்ளைகள் பந்தடிப்பார்கள், நடுச்சாமத்தில் ஆட்கள் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பார்கள், நித்திரை வருவதற்குக் கறுத்தத் திரை வேண்டும். காத்தான்குடி நண்பன் ஒருத்தன் இதைக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, "அப்ப நோன்பு எப்படித் திறக்கிறது?" நியாயமான கேள்வி. சூரியன் படுக்காத ஊரில் இருக்கிற முஸ்லிம்களில் மக்கா நேரத்தை வைத்து நோன்பு பிடிப்பவர்களும் உண்டு, பக்கத்தில் சூரியன் படுகிற ஒரு நகரத்தின் நேரத்தை எடுப்பவர்களும் உண்டு.

எங்கள் பிரச்சினை எதிர்ப்பக்கம். நான் நின்றபோது தைப்பொங்கல் வந்தது. குசினியில் கரண்ட் அடுப்பில் பானை, மேலே புகைக்குக் கத்துகிற கருவி, அதைக் கத்தவிடாமல் அத்தான் ஒரு துவாயை விசுக்கிக்கொண்டு நின்றார். பால் பொங்கிச் சரிந்தது, பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். அப்புறம் பழக்கத்தில் எல்லாரும் யன்னல் பக்கம் திரும்பினோம். காலை எட்டு மணி, வெளியே தெருவிளக்கும் பனியும். அக்கா தெற்குப் பக்கமாக ஒரு வெற்றிலையில் படைத்துவிட்டு, "இனி வரும்" என்றார், பஸ்சைச் சொல்வது மாதிரி.

ஆறு நாள் கழித்து, இருபதாம் திகதி போல், கோட்டையில் பீரங்கி வெடித்தது. வார்டோவில் அது ஊர் வழக்கம், நீண்ட இருட்டுக்குப் பிறகு சூரியனின் வட்டம் முழுதாகத் தெரிகிற முதல் நாளில் கோட்டையிலிருந்து வெடி போடுவார்கள், பள்ளிக்கூடம் லீவு. முகில் மறைத்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிப் போகும். அன்றைக்கு மறைக்கவில்லை. பிள்ளைகள் சப்பாத்தைக் கட்டியும் கட்டாமலும் ஓடினார்கள். கடலுக்கு மேல் செம்மஞ்சளாக ஒரு துண்டு, பிறகு முழு வட்டம், கொஞ்ச நேரம்தான், வெயில் என்று சொல்ல அதில் சூடே இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவரும் தொப்பியோடு வாசலில் நின்றார். நான் கைதட்டவா கும்பிடவா என்று தெரியாமல் நின்றேன். அக்கா உள்ளே போய் மிச்சம் இருந்த பச்சரிசியை அளந்து பார்த்துவிட்டு, ஒரு சின்னப் பானைக்குக் காணும் என்று கூப்பிட்டுச் சொன்னார்.